வலப்பக்கம் யன்னலோரம்

திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். கச்சான், அதுதான் தென்மேற்குக் காற்று, தொடங்கிவிட்டது. பகலில் வெளியே இறங்க முடியாத வெக்கை, ஆனால் நிலாவெளிக் கடல் அலையே இல்லாமல் கிடக்கிறது. நீ பேரனோடு வருகிறாய் என்றதும் வீட்டில் இப்போதே மீனும் நண்டும் பற்றிய பேச்சுத்தான்.

பொடியனுக்கு எந்த சீட் எடுத்தால் நிலம் நன்றாகத் தெரியும் என்று கேட்டிருந்தாய். சென்னையிலிருந்து கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்காவுக்கு ஒன்று, அங்கிருந்து இங்கே ஒன்று என்று இரண்டு பிளேன். இரண்டிலும் வலப்பக்கம் எடு. சென்னையில் காலையில் ஏறினால் தெற்கு நோக்கி வருவாய், வெயில் இடப்பக்கம் அடிக்கும். சூரியனுக்கு எதிரே பார்த்தால் கண் கூசும், கண்ணாடியில் உள்ள கீறலும் அழுக்கும்தான் தெரியும். நிழல் பக்கம் இருந்தால் கடலின் நிறம்கூடப் பிரிந்து தெரியும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பாக்கு நீரிணையைக் கடக்கும்போது மேகம் இல்லையென்றால் இராமேஸ்வரமும் தனுஷ்கோடி முனையும், அங்கிருந்து தலைமன்னார் வரைக்கும் ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்குத் திட்டுத் திட்டாக நீளும் மணலும் அந்தப் பக்கம்தான். 1964 டிசெம்பர்ப் புயல் உனக்கு நினைவிருக்கும். எங்கள் ஊரை அடித்துவிட்டுப் போன அதே புயல்தான் தனுஷ்கோடியையும் அழித்தது. நாங்கள் சின்னப் பொடியன்களாக இருந்து கேட்ட அந்தக் காற்று எந்த வழியால் போனது என்று அவனுக்கு மேலிருந்து காட்டு. எந்த வரைபடத்திலும் அது அப்படி விளங்காது.

பெரிய பிளேனில் இறக்கை கீழே இருக்கும். நடுவரிசையில் இருந்தால் இறக்கையைத்தான் பார்த்துக்கொண்டு வருவாய். பின்னுக்குப் போனால் எஞ்சின் விடும் சூட்டுக் காற்றில் காட்சி நெளியும். ஆகவே முன்பக்கம் கேள், எழுத்து எஃப். பலகையே மறைக்கிற, யன்னல் இல்லாத ‘யன்னல் சீட்’டும் சில பிளேன்களில் உண்டு. பணம் கட்டுமுன் விசாரி.

கட்டுநாயக்காவிலிருந்து எங்கள் சீனக்குடா விமான நிலையத்துக்கு வரும் சின்ன செஸ்னா பிளேனில் இந்தத் தொல்லை இல்லை. இறக்கை தலைக்கு மேலே, யன்னலுக்குக் கீழே முழுக்க நிலம்தான். எனக்குப் பிடித்த பயணம் இதுதான். தாழப் பறப்பதால் வயலில் நிற்கும் மாடுகூடத் தெரியும். வடகிழக்காக நேரே வந்தால் தம்புள்ளை, சீகிரியாக் குன்று, பிறகு மின்னேரியா, கவுடுல்லக் குளங்கள் எல்லாம் வலப்பக்கம். பின்னேரம் என்றால் வெயிலும் முதுகுப்பக்கம் நின்று அவற்றின் மேல் விழும். சீகிரியாவைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவனுக்கு, அந்தச் சமவெளியில் அது எவ்வளவு தனியாக நிற்கிறது என்பது தெரியாது.

பிளேன் காற்றுக்கு எதிரேதான் இறங்கும். கச்சான் பலமாக அடித்தால் ஓடுபாதைக்குத் துறைமுகப் பக்கமாகச் சுற்றி வரவேண்டும். அப்படி வந்தால் உள் துறைமுகம், கோட்டை, கோணேசர் கோயில், மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடா எல்லாம் கீழே. அந்த நேரம் எந்தப் பக்கம் எது வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கச் சொல்லு. வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில் வந்தால் தம்பலகாமப் பக்கமாக நேரே இறங்கிவிடுவாய்.

ஒன்று சொல்ல வேண்டும். யன்னலைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டு நீ நடுச் சீட்டில் குந்தாதே. அவனுக்குப் பின்வரிசையில் நீயும் யன்னலோரம் எடு. உன் ஊரை நீயும் மேலிருந்து பார்க்கவேண்டும், மச்சான்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் வழியாக வருவதென்றாலும் சரி. அந்தத் தடத்தில் ஓடும் ஏ.டி.ஆர். வகைப் பிளேனிலும் இறக்கை மேலேதான். அங்கிருந்து பஸ் பிடித்து வந்து சேரலாம்.

திகதியையும் நேரத்தையும் உடனே எழுது. சென்னையில் காலைப் பிளேன் கிடைக்காமல் பின்னேரம்தான் என்றால், அந்த முதல் பிளேனுக்கு மட்டும் இடப்பக்கம் மாற்று. யாழ்ப்பாணக் குடாநாடு அந்தப் பக்கம் தெரியும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி