மல்லிகாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மல்லிகா,

நலமா? உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடவில்லை என்று கோபப்படாதே. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டானாமே, இனி உனக்கு உட்கார நேரமிருக்காது! இங்கே எல்லோரும் சுகம். இவருக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது, வாயைக் கட்டமாட்டேன் என்கிறார்.

"ரிட்டயர் ஆன பிறகும் என்னடி அலைகிறாய்" என்று கேட்டிருந்தாய். கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றி ஒரு அறிக்கை எழுதுகிறேன். அதற்காகப் பழைய ஆய்வுகளைப் புரட்டினால் உங்கள் ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கைதான் வந்து நிற்கிறது.

டாக்டர் ஆர். சங்கரநாராயணன் பெயரைக் கேட்டிருப்பாய். திருவனந்தபுரத்தில் இருந்துவிட்டு, பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமைக்குப் போனவர். அவர் குழுவினர் அம்பிளிக்கையில் இருந்து நடத்திய திண்டுக்கல் மாவட்ட ஆய்வை 2000-இல் தொடங்கினார்கள். கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்ப்பது, வெள்ளையாகத் தெரிந்தால் அதே வருகையிலேயே கால்போஸ்கோபி (பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது), பயாப்சி (சோதிக்கத் துளி சதை எடுப்பது), தேவைப்பட்டால் அந்த இடத்தை உறைய வைக்கும் சிகிச்சை. அத்தனையும் செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸுகள். தகுதியான 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். 2007-இல் முடிவு வெளியானது: பரிசோதனை செய்யாத கிராமங்களைவிட நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன.

எல்லோரும் அந்த அமிலம் எவ்வளவு மலிவு என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு அந்த "அதே வருகை"தான் பெரிதாகத் தெரிகிறது. 'அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போம்மா' என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், அதில் எத்தனை பேர் போவார்கள்? கூலியை விட வேண்டும், பஸ் ஏற வேண்டும், கூட வர ஆள் வேண்டும். இது என்னைவிட உனக்குத்தான் தெரியும்.

ஆனால் மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் ஆய்வு என்னைக் குழப்புகிறது. அதுவும் சங்கரநாராயணன் முன்னின்று நடத்தியதுதான், 1,31,746 பெண்கள். அங்கே எச்பிவி பரிசோதனை, அதாவது இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது, ஒரே ஒரு முறை செய்ததில் சாவு ஏறக்குறைய பாதியானது. அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் முறையில் சொல்லும்படியான குறைவு இல்லை. பார்க்கிற கண்ணைப் பொறுத்து முடிவு மாறுவது அந்த முறையின் பலவீனம். உலக சுகாதார நிறுவனம் எச்பிவி பரிசோதனைக்கே முன்னுரிமை தரச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. இந்த ஆய்வுகளில் ஒப்பிடுவதற்காக வைத்த கிராமங்களின் பெண்களுக்குப் பரிசோதனை செய்யவில்லை. அப்போது நாட்டில் யாருக்குமே அப்படி ஒரு திட்டம் இல்லையே என்பது அவர்கள் பதில். அது எனக்கு முழுதாக ஒப்பவில்லை. ஆனாலும் அந்த ஆய்வு இல்லாவிட்டால் அரசிடம் காட்டுவதற்கு நம் மண்ணின் கணக்கு இருந்திருக்காது என்பதையும் மறுக்க முடியவில்லை.

அப்புறம் எச்பிவி தடுப்பூசிக் கதை. 2009-இல் சங்கரநாராயணன் குழுவினர் சிறுமிகளுக்கு இரண்டு ஊசி போதுமா, மூன்று வேண்டுமா என்று ஆராயத் தொடங்கினார்கள். வேறொரு தடுப்பூசித் திட்டத்தைச் சுற்றி எழுந்த சர்ச்சையில் 2010-இல் அரசு இது போன்ற எல்லா ஆய்வுகளிலும் ஊசி போடுவதை நிறுத்தச் சொன்னது. ஏறக்குறைய 5,000 சிறுமிகள் ஒரே ஊசியோடு நின்றார்கள். அவர்களை விடாமல் பின்தொடர்ந்ததில், ஒரு ஊசியே நன்றாகக் காப்பது தெரிந்தது! ஒரு டோஸும் போதும் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னபோது, இந்த ஆய்வும் அதற்கு ஒரு சான்று.

இவ்வளவு தெரிந்தும் நிலைமையைப் பார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு தடவையாவது கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுக்க 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8. நாம்தான் மேல் என்று மார்தட்டினால், பத்தில் ஒன்பது பேர் விட்டுப்போனது மறைந்துவிடும்.

அதனால் உன்னிடம் ஒரு வேலை. முப்பது வருஷம் அந்தப் பக்கத்துப் பெண்களைப் பார்த்தவள் நீ. டெஸ்டுக்குச் சரி என்றுவிட்டு வராமல் போனவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்? வெட்கமா, வீட்டுக்காரரா, வேலையா? பெயர் எதுவும் வேண்டாம், ஞாபகம் இருப்பதை எழுது. தை பிறந்ததும் பழனிக்கு வருகிறோம், உன் வீட்டில் ஒரு நாள் தங்குவேன். அதற்கு முன்னால் எழுதினால் அறிக்கையில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
கீதா