வெள்ளிக் காட்சியறைக்கு இன்னும் 660,000 ரூபாய் தேவை

கண்ணகையம்மன் துணை.

அன்புள்ள ஊர் உறவுகளே,

ஐப்பசி மழை தொடங்கப் போகிறது. கோயில் வீதியில் நாம் எழுப்பும், பழைய வெள்ளிப் பொருள்களுக்கான காட்சியறைக்கு இன்னும் கூரை இல்லை. ஊர்க் குடும்பங்கள் நம்பித் தந்த வெற்றிலை வட்டா, படிக்கம், பன்னீர்ச் செம்பு, பாலாடை, தண்டை எல்லாம் களஞ்சிய அறையில் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன.

இவை கடையில் வாங்கியவை அல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் நெல்லும் தேங்காயும் விற்றுச் சேர்த்த வெள்ளி ரூபாய்களை நகை செய்யும் பத்தரிடம் உருக்கக் கொடுத்துச் செய்வித்தவை. அப்போது இலங்கையிலும் புழங்கிய, விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த இந்திய ரூபாய், பழைய நிறையளவில் சரியாக ஒரு தோலா; பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஆகவே பத்தருக்கு அதுவே படிக்கல், அதுவே மூலப்பொருள். வீட்டுத் திண்ணையில் உலை மூட்டி, வெண்காரம் தூவி, ஊதுகுழலால் ஊதிப் பொருத்துவார். வீட்டுக்காரி பக்கத்திலேயே இருப்பாள். வேலை முடிந்ததும், கொடுத்த அளவு ரூபாய்களை மறுதட்டில் வைத்து நிறுத்தால் குறைவு தெரிந்துவிடும். 1893இல் இந்திய நாணயச்சாலைகள் தனியார் கொண்டுவரும் வெள்ளியை நாணயமாக அடித்துக் கொடுப்பதை நிறுத்தின. அதன்பின் ரூபாயின் பெறுமதி அதிலுள்ள வெள்ளியை மிஞ்சியது, உருக்கியவருக்கு நட்டம். 1940இல் ரூபாயில் வெள்ளி பாதியாகவே குறைந்தது. அந்தப் பழைய வெள்ளி இனி வராது.

1978 சூறாவளிக்கும் 2004 ஆழிப்பேரலைக்கும் தப்பிய பொருள்கள் இப்போது விலை ஏறியதும் உருக்குக் கடைக்குப் போகின்றன. விற்றவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை, வீட்டுக் கஷ்டம் அப்படி. ஆனால் வசதியுள்ள வீடுகளும் விற்பது மனதுக்குப் பெரும் வேதனை.

கூரைக்கு 310,000, கண்ணாடி அலுமாரி மூன்றுக்கு 240,000, இரும்புக் கதவுக்கும் பூட்டுக்கும் 110,000 ரூபாய் வேண்டும். கைவசம் எதுவும் மிச்சமில்லை.

அத்திவாரம் முதல் சுவர்வரை எழுப்பித் தந்தவர்களை மறக்கமாட்டோம். கனடாவிலும் சுவிசிலும் இரவு வேலை செய்து அனுப்பிய பிள்ளைகள், கூலி வாங்காமல் மண் சுமந்த இளைஞர்கள், கொள்முதல் விலைக்கே சீமெந்து தந்த காத்தான்குடி வியாபாரி, தன் உரைகல்லையும் கம்பியச்சையும் கையில் தந்த முதிய பத்தர், தாயின் ஒரே தண்டையைக் கண்ணீரோடு ஒப்படைத்த அம்மா: உங்கள் எல்லோருக்கும் அம்மன் குறையாமல் தருவாள்.

அம்மனின் குளிர்த்தித் திருவிழா அன்று சந்நிதியில் வாக்குக் கொடுத்துவிட்டு இன்னும் தராதவர்கள் சிலர் உண்டு. பெயர் சொல்லமாட்டோம். அம்மனுக்குச் சொன்ன சொல், அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய் என்றாலும் சரி, வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் நிர்வாகியான வண்ணக்கரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புரட்டாதி முடியுமுன் பணம் சேர்ந்தால்தான் மேசன்மார் கூரையில் ஏறுவார்கள்.

இப்படிக்கு,
காட்சியறைக் கட்டடக் குழு