பாங்கோர், வாங்கோர், மாங்கோர்

பாங்கோர், வேல்ஸ்
ஞாயிறு மாலை

அன்புள்ள வேலு,

திட்டாதே. உன் கடிதம் இரண்டும் வந்தது. பொங்கலுக்கு எழுதியதற்கு ஆடியில் பதில் போடுகிறானே என்று நீ பல்லைக் கடிப்பது இங்கேயே கேட்கிறது. எல்லாரும் சௌக்கியம். மகனுக்கு ஆஸ்பத்திரியே கதி, மருமகளுக்கு லேப்டாப்பே கதி, எனக்குச் சர்க்கரை கட்டுக்குள். மூர்த்தி பெண் கல்யாணத்துக்கு நான் வராததற்கு நீயே ஏதாவது சொல்லிச் சமாளி. சைக்கிள் விவகாரத்தில் உனக்காக நான் சொன்ன பொய்க்கு அது சரியாகப் போகும்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் இந்த நாட்டு மொழியான வெல்ஷ் படிக்கிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் பெரும்பாலும் பாடம் வெல்ஷில்தான். பேத்தி நிலாவும் அவள் சிநேகிதியும் தோட்டத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள், நான் ஊமைப் படம் பார்ப்பது மாதிரி ஜன்னலில் நிற்பேன். பொறுக்க முடியாமல் பெரியவர்களுக்கான சாயங்கால வகுப்பில் சேர்ந்துவிட்டேன். சும்மா நாலு வார்த்தை கற்றுக்கொள்ளத்தான் போனேன். போன இடத்தில் இலக்கணம் என்னைப் பிடித்துக்கொண்டது.

எங்கள் ஊர் பாங்கோர். தண்ணீர் 'பாட்டில்' என்னும்போது வரும் பா. ஆனால் பாங்கோருக்குப் போகிறேன் என்றால் அது வாங்கோர். பாங்கோரில் இருக்கிறேன் என்றால் மாங்கோர். ஊர் ஒன்றுதான், முன்னால் வரும் சிறு சொல்லைப் பார்த்து அதன் முதலெழுத்து வேஷம் மாற்றிக்கொள்கிறது. நமக்கு வேற்றுமை உருபு சொல்லின் வாலில் ஒட்டும். இவர்களுக்குத் தலையிலேயே மாற்றம். பலகையில் பார்த்த சொல்லை அகராதியில் தேடினால் கிடைக்காது, அது வேறு எழுத்தின் கீழே ஒளிந்திருக்கும். தலைநகர் கார்டிஃபின் வெல்ஷ் பெயரும் நம் வேல்ஸின் வெல்ஷ் பெயரும் இதே ஆட்டம்தான் ஆடுகின்றன.

பூனையைக் கேள். பூனைக்கு 'காத்', 'கடல்' என்பதில் உள்ள க. அவனுடையது, அவளுடையது இரண்டுக்குமே 'இ' என்ற ஒரே சொல். அப்புறம் யார் பூனை என்று எப்படித் தெரியும்? பூனையைப் பார்த்துத்தான்! 'இ காத்' என்று 'கங்கை'யின் முதல் க போட்டால் அவன் பூனை. தொண்டையிலிருந்து காற்றை உரசி, நம் ஆய்தம் மாதிரி 'இ ஃகாத்' என்றால் அவள் பூனை. என் பூனை என்றால் 'வ ங்ஹாத்'. நம் மொழியில் சொல் முதலில் வேலையே இல்லாமல் கிடக்கும் ங, இங்கே தினமும் வேலைக்குப் போகிறது. பின்னால் 'ஓ', 'ஹி' என்று ஒன்றைச் சேர்த்து அவனையும் அவளையும் உறுதிப்படுத்துவதும் உண்டு, ஆனால் அது இல்லாமலே காரியம் நடக்கும்.

ஏன் இப்படி என்று நிலாவைக் கேட்டேன். "அப்படித்தான் தாத்தா சொல்லணும்" என்றாள். ஆசிரியை சொன்ன காரணம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன்னால், 'அவனுடைய' என்ற சொல் உயிரொலியில் முடிந்ததாம். இரண்டு உயிருக்கு நடுவே மாட்டிய க இளகிப்போனது, நம் 'அகல்' விளக்கில் இளகுவது போலவே. 'அவளுடைய' என்பது ஸ் ஒலியில் முடிந்தது, அதனால் உரசல். 'என்' என்பதற்கு ன் ஒலி, அதனால் மூக்கு. மரம் + கள் மரங்கள் ஆகவில்லையா? பிறகு அந்தக் கடைசி ஒலிகளெல்லாம் தேய்ந்து உதிர்ந்துவிட்டன. செய்தவன் போய்விட்டான், செய்தது மட்டும் நிற்கிறது. பேச்சில் சில சமயம் 'என்' என்ற சொல்லையே விழுங்கிவிட்டு 'ங்ஹாத்' என்று மட்டும் சொல்கிறார்கள், அதிலேயே 'என்' வந்துவிடுகிறது!

நம் புலவர் ஐயா ஒற்றுக்காகக் காதைத் திருகுவாரே, 'வேலை கேட்டான்', 'வேலைக் கேட்டான்' என்று? ஒரு க் இல்லாமல் கேட்டால் உத்தியோகம், இருந்தால் முருகன் கை ஆயுதம். அந்த ஒரு மணி நேர வகுப்பைத்தான் இவர்கள் பொழுது விடிந்து பொழுது போகும் வரை நடத்துகிறார்கள். அவர் இங்கே வந்திருந்தால் ஒரு காது மிஞ்சியிருக்காது.

ஒலியில் நமக்கு அதிர்ஷ்டம். 'காது' என்று சொல்லிப் பார். நடுவில் உள்ள த, இவர்கள் இரட்டை 'டி' (dd) போட்டு எழுதும் ஒலி. கடைசியில் உதடு குவியாமல் நழுவுகிற குற்றியலுகரம், இந்த வடக்குப் பக்கத்தில் 'யு' (u) எழுத்துக்குத் தரும் ஒலிக்கு வெகு அருகில். தெற்கத்திக்காரர்கள் அதை இகரமாக்கிவிட்டார்கள். வகுப்பில் ஆங்கிலேயர்கள் அதற்கு முகத்தைக் கோணும்போது நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பேன். இரட்டை 'எல்' (ll) வந்ததும் காலை எடுத்துவிட்டேன். நாக்கை ல-வுக்கு வைத்து, குரல் இல்லாமல் பக்கவாட்டில் காற்றை ஊத வேண்டும். நம் ழ போல இவர்களுக்கு இது மானப் பிரச்சினை. பக்கத்து ஊர் லான்பெரிஸ் அந்த ஒலியில்தான் தொடங்குகிறது. ஆனால் பார், லான்பெரிஸுக்கு டிக்கெட் என்று கேட்டால் திரிபு வந்து அது சாதா ல ஆகிவிடும். இலக்கணமே கை கொடுக்கிறது.

வினைச்சொல் வாக்கியத்தின் முதலில் வரும்: பார்த்தாள் சிறுமி பூனையை. அதெல்லாம் பழகிவிட்டது.

கிண்டல் போதும். 1901 கணக்கெடுப்பில் இந்த நாட்டில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெல்ஷ் பேசினார்கள். 2021ல் 17.8 சதவீதம், ஆள் கணக்கில் சுமார் 5,38,000. 19ஆம் நூற்றாண்டில் சில பள்ளிகளில், வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டை மாட்டுவார்கள். அடுத்துப் பேசுகிற பிள்ளையின் கழுத்துக்கு அது மாறும். சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. இப்போது 2050க்குள் பத்து லட்சம் பேர் பேச வேண்டும் என்று அரசாங்கம் இலக்கு வைத்திருக்கிறது. அந்தப் பத்து லட்சத்தில் எங்கள் நிலாவும் ஒருத்தி. எனக்குப் பெருமைதான், பொய் சொல்லவில்லை.

ஆனால் வேலு, அவள் தமிழ் என் ஒருவனோடுதான். அப்பா அம்மாவோடு ஆங்கிலம், வெளியே வெல்ஷ். நான் மத்தியானம் தூங்கினால் இந்த வீட்டில் தமிழும் தூங்கிவிடுகிறது. எனக்கு எழுபதாகிறது. மகனிடம் இதைச் சொன்னால் "பார்க்கலாம்பா" என்கிறான்.

அதனால் ஒரு உதவி. ஞாயிற்றுக்கிழமை உனக்கு இரவு எட்டு மணி ஆகும்போது போன் பண்ணி அவளிடம் கொடுக்கிறேன். இலக்கணம் வேண்டாம், வம்பு பேசு. மாயவரத்தில் உன் தெருவில் யார் யாரோடு சண்டை, கோயில் யானை என்ன பண்ணியது, அது போதும். சைக்கிள் கதையையும் சொல், ஆனால் நடந்தபடி சொல்ல வேண்டும்.

இன்னொன்று. இவர்களிடம் 'ஆமாம்' என்று எல்லாக் கேள்விக்கும் பொருந்துகிற ஒற்றைச் சொல் கிடையாது. கேட்ட வினையை வைத்தே பதில் சொல்ல வேண்டும். உன்னையும் அப்படியே கேட்கிறேன்: அடுத்த வருடம் இங்கே வருவாயா? வருவேன், வரமாட்டேன், இரண்டில் ஒன்று எழுது. 'பார்க்கலாம்' என்று எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

உன்
பாலு