தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு: ஊர் திரும்பியது நாங்கள், பிள்ளைகள் அல்ல

அன்புள்ள ஆசிரியர்களே, தலைமை ஆசிரியர்களே,

வணக்கம். வெளிநாட்டில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு இந்த வருடம் குடும்பத்தோடு ஊர் திரும்பியவன் நான். மூத்தவளுக்கு ஏழு வயது, இளையவனுக்கு நாலரை. இருவரும் அங்கேயே பிறந்தவர்கள். இவர்களைப் போன்ற பிள்ளைகள் வருடா வருடம் உங்கள் வகுப்புகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். சிலர் ஆண்டின் நடுவில், பாடப்புத்தகம்கூட இல்லாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

பள்ளியில் முதல் நாள் வகுப்பாசிரியர் என் மகளின் தோளில் கைவைத்து மற்ற பிள்ளைகளிடம் சொன்னார்: "இவள் வெளிநாட்டில் இருந்தாள். இப்போது நம் ஊருக்கே திரும்பி வந்துவிட்டாள்." அன்பாகத்தான் சொன்னார். அன்று சாயங்காலம் வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் மகள் கேட்டாள்: "அப்பா, நான் எப்போ இங்கேயிருந்து போனேன்?"

எனக்குப் பதில் வரவில்லை. போனது நானும் என் மனைவியும். திரும்பியதும் நாங்கள்தான். அவள் தன் வீட்டை, தோழிகளை, தெரிந்த தெருவை விட்டுவிட்டு, இரண்டு முறை லீவுக்கு மட்டும் பார்த்த ஒரு இடத்துக்கு வந்திருக்கிறாள். எங்களுக்கு ஊர் திரும்புதல், அவளுக்கு ஊரை விட்டுப் போதல். ஒரே விமானத்தில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில்தான் வந்தோம்.

பெரியவர்களுக்கு நேர்வது ஓரளவு ஆராயப்பட்ட விஷயம். 1955-ல் லிஸ்கார்ட் என்ற நார்வே சமூகவியலாளர், அமெரிக்கா போய்வந்த தன் நாட்டவரைப் பற்றி எழுதினார். புது நாட்டில் மனம் முதலில் உற்சாகமாக இருக்கும், நடுவில் இறங்கும், பிறகு மெல்ல ஏறும் என்றார். 1963-ல் அமெரிக்காவின் குல்லஹார்ன் தம்பதி, சொந்த நாட்டுக்குத் திரும்பிய பிறகும் அதே மாதிரி இன்னொரு இறக்கம் வரும் என்று சேர்த்தார்கள். எனக்கும் மனைவிக்கும் இது அப்படியே பொருந்துகிறது. ஆனால் அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் வளர்ந்தவர்கள், கிளம்பிய இடத்துக்கே திரும்பியவர்கள். என் பிள்ளைகளுக்கு இது முதல் இறக்கம். நாங்கள் இரண்டாவதில் இருக்கிறோம். ஒரே வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்போது யாரை யார் பிடித்துக்கொள்வது? பகலில் ஆறேழு மணி நேரம் அவர்கள் உங்களிடம் இருக்கிறார்கள் என்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

சின்னவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வந்த இரண்டாவது வாரம் அவன் பாட்டி பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். இவன் என் போனை எடுத்து வந்து, "பாட்டிக்கு வீடியோ போடு" என்றான். "பாட்டி அங்கேதானே இருக்காங்க, போய்ப் பேசு" என்றேன். எட்டிப் பார்த்தான். அப்புறம் திரும்பி வந்து, "இந்தப் பாட்டி இல்லை, போன் பாட்டி" என்றான். என் அம்மா அதைக் கேட்டுவிட்டார். ஒன்றும் பேசாமல் தன் போனை எடுத்து, அந்த அறையிலிருந்தே எங்களுக்கு வீடியோ அழைப்பு போட்டார். பேரன் திரையைப் பார்த்துப் பேசினான், சிரித்தான். பேசிக்கொண்டே அம்மா எழுந்து நடந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையிலும் பக்கத்திலும் ஒரே முகத்தை அவன் மாறி மாறிப் பார்த்ததை நான் மறக்க மாட்டேன். நாலைந்து நாள் அப்படியே பேசினார்கள். பிறகு போன் தேவைப்படவில்லை. என் அம்மா பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர். குழந்தை எங்கே நிற்கிறதோ அங்கே போய் நின்று கூட்டிவருவது என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அதே சின்னவன் மழலையர் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வாரமே எங்களைக் கூப்பிட்டு, "பேச்சில் ஏதோ பிரச்சினை இருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள்" என்றார்கள். வீட்டில் அவன் ஓயாமல் பேசுகிறவன், அதுவும் தமிழில். அப்படியிருக்க, தமிழ் பேசும் வகுப்பில் ஏன் ஊமையாக இருக்கிறான் என்று எங்களுக்கும் குழப்பம்தான். ஒரு நாள் தூங்கப் போகும்போது அவனே கேட்டான்: "நம்ம பாஷை டீச்சருக்கு எப்படித் தெரியும்?" அப்போதுதான் உறைத்தது. அவன் பிறந்ததிலிருந்து தமிழ் என்பது ஒரு வீட்டுக்குள் நாலு பேர் பேசுவது, போனில் தாத்தா பாட்டி பேசுவது. கதவுக்கு வெளியே வேறு மொழி, பள்ளிக்கு வேறு மொழி. இங்கே வந்தால் தெருவில் போகிறவர், பஸ் ஓட்டுகிறவர், யாரென்றே தெரியாதவர் எல்லோரும் அவன் வீட்டு மொழியைப் பேசுகிறார்கள். அம்மாவிடம் பேசும் மொழியை முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசலாமா என்று ஒரு நாலு வயதுப் பிள்ளை யோசிக்கிறான். அது நோய் இல்லை.

புது மொழிச் சூழலில் வந்து சேரும் குழந்தைகள் சில வாரங்கள், சில சமயம் சில மாதங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது ஸ்டீபன் கிராஷன் போன்ற மொழியியலாளர்கள் எழுதிய, ஆசிரியர்கள் பலரும் நேரில் பார்த்த விஷயம். சில இடங்களில் மட்டும் பேச முடியாமல் போகும் ஒரு நிலை மருத்துவத்தில் உண்டு, அதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதும் உண்மை. ஆனால் அதன் மருத்துவ வரையறையே குறைந்தது ஒரு மாதமாவது நீடிக்க வேண்டும் என்கிறது. பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தில் மட்டும் இருக்கும் மௌனத்தையும், அந்த மொழி பழகாததால் வரும் மௌனத்தையும் அதில் சேர்ப்பதில்லை. எனவே முதலில் எங்களிடம் கேளுங்கள்: வீட்டில் பேசுகிறானா, விளையாடும்போது பேசுகிறானா, காது நன்றாகக் கேட்கிறதா? வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது என்றால் நாங்களே உங்களுக்கு முன்னால் ஓடுவோம். வீட்டில் பேசுகிற பிள்ளைக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். "பேசு, பேசு" என்று எல்லோர் முன்னாலும் நிற்க வைக்காதீர்கள். தலையை ஆட்டினாலும் விரலால் காட்டினாலும் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு வேறு சிக்கல். சேர்ந்த மூன்றாவது நாள் அவளுக்கு ஒரு மதிப்பீட்டுத் தேர்வு வைத்தார்கள். கணக்கில் ஒரு கேள்வி, 24 பூக்களில் 9 பூக்கள் வாடிவிட்டால் மீதம் எத்தனை என்று. அந்தத் தாளை என்னிடம் காட்டினார்கள். 24 வட்டங்களை வரிசையாக, அழகாகப் போட்டிருக்கிறாள். அதில் 9 வட்டங்களை அடித்திருக்கிறாள். விடை எழுதும் கோடு மட்டும் காலியாக இருந்தது. கழித்தல் தெரியவில்லை என்று குறிப்பு எழுதி, ஒரு வகுப்பு கீழே போடலாமா என்று கேட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் மகள் சொன்னாள்: "மீதம்னா என்னன்னு தெரியலப்பா. மிச்சம்னு கேட்டிருந்தா 15-னு எழுதியிருப்பேன்."

எங்கள் வீட்டில் யாரும் மீதம் என்று சொன்னதில்லை. பேச்சுத் தமிழுக்கும் பாடப்புத்தகத் தமிழுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. இங்கேயே வளரும் குழந்தை அறிவிப்புப் பலகையிலும் செய்தி வாசிப்பிலும் மேடைப் பேச்சிலும் எழுத்துத் தமிழைக் காதில் வாங்கிக்கொண்டே வளர்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு வாய்த்தது சமையலறைத் தமிழ் மட்டும்தான். கொஞ்சமாவது சரளமாகப் பேசுவதைப் பார்த்து "தமிழ்தான் நன்றாகத் தெரிகிறதே, பாடம் ஏன் வரவில்லை?" என்று நீங்கள் கேட்பது இயல்பு. கனடாவில் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியவர். புது மொழியில் சகஜமாகப் பேச ஏறக்குறைய இரண்டு வருடம் போதும், பாடம் படிக்கத் தேவையான மொழியில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம்வரை ஆகலாம் என்று அவர் கண்டார். அப்படி இருக்கும்போது மூன்றாவது நாள் தேர்வு எதை அளக்கிறது? கணக்கைக் கணக்காகக் கேளுங்கள், எண்ணில் கேளுங்கள், வாயால் கேளுங்கள். வயதுக்கு ஏற்ற வகுப்பிலேயே உட்கார வையுங்கள். தோழிகளை இழந்து வந்தவளைக் கீழ் வகுப்புக்கு அனுப்பினால், இங்கே கிடைக்கப்போகும் சம வயதுத் தோழிகளும் இல்லாமல் போய்விடுவார்கள். அந்தப் பள்ளியில் கடைசியில் எங்கள் பேச்சைக் கேட்டு அவளை அவள் வகுப்பிலேயே விட்டார்கள், நன்றி. எல்லாப் பெற்றோருக்கும் இப்படி வாதாடத் தெரியும் என்று சொல்ல முடியாது.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. உடம்பின் கடிகாரம் ஒரு மணி நேர வித்தியாசத்துக்குச் சுமார் ஒரு நாள் எடுத்துக்கொள்ளும், கிழக்கு நோக்கி வந்தால் இன்னும் சிரமம். முதல் பத்து நாள் வகுப்பில் தலை சாய்ந்தால் திட்ட வேண்டாம்.

அடுத்தது, "அங்கே இப்படி இல்லை" என்ற பேச்சு. திரும்பி வந்த பிள்ளைகள் இதை ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வார்கள். கேட்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும், பெருமை பீற்றுவது போலவும் தெரியும். என் மகளிடம் ஒரு ஆசிரியர், "அங்கே அங்கே என்று இனிமேல் சொல்லக் கூடாது, இதுதான் உன் ஊர்" என்றார். அன்றோடு அவள் பள்ளியில் சொல்வதை நிறுத்திவிட்டாள். வீட்டிலும் நிறுத்திவிட்டாள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு மெல்லிய குரலில் பெயர்களாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். பழைய வகுப்பின் வருகைப் பதிவேடு, அதே வரிசையில். தன் பெயர் வரும் இடத்தில் சின்னதாக நிறுத்திவிட்டு அடுத்த பெயருக்குப் போவாள். சில நாள் ஒரு பெயர் நினைவுக்கு வராமல் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

மறந்துவிடுவோமோ என்ற அவள் பயத்தில் நியாயம் இருக்கிறது. பட்ரீஷியா பாயர் என்ற உளவியலாளர், மூன்று வயதுக் குழந்தைகள் சொன்ன நினைவுகளைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, சில வருடம் கழித்து அதே குழந்தைகளிடம் கேட்டார். 2014-ல் வெளியான அந்த ஆய்வில், ஐந்து முதல் ஏழு வயதில் கேட்டபோது 60 விழுக்காட்டுக்கும் மேல் நினைவில் இருந்தது. எட்டு, ஒன்பது வயதில் கேட்டபோது 40 விழுக்காடுகூட இல்லை. என் பிள்ளைகள் இருவரும் அந்த வயதை நோக்கித்தான் போகிறார்கள். சின்னவனுக்குத் தான் பிறந்த இடத்தைப் பற்றி அனேகமாக எதுவும் நினைவில் மிஞ்சப்போவதில்லை. பேசினால்தான் கொஞ்சமாவது தங்கும். அதைப் பேசாதே என்று ஒரு பள்ளி சொல்லலாமா?

இதற்கு மாறாக ஒன்றும் நடந்தது. அதே பள்ளியில் ஓவிய ஆசிரியர் ஒருவர், போகிறபோக்கில் மகளிடம் கேட்டிருக்கிறார்: "உன் பழைய வகுப்பில் ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது?" அவள் இடது பக்கம் என்று சொல்லி, ஜன்னலை வரைந்து, அதற்கு வெளியே ஒரு மரத்தை வரைந்து, மரத்தடியில் யார் யார் உட்காருவார்கள் என்று வரைந்து, மணி அடித்த பிறகும் வரைந்துகொண்டிருந்தாளாம். பக்கத்தில் இருந்த பெண், "இது யாரு?" என்று கேட்டிருக்கிறாள். இந்தப் பள்ளியில் அவளுக்குக் கிடைத்த முதல் தோழி அந்தப் பெண்தான். ஜன்னலைக் கேட்டதற்கு மேல் அந்த ஆசிரியர் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு அவரை நேரில் பார்த்துச் சொல்லத் தோன்றியும் தொண்டை அடைத்துக்கொண்டது. இங்கே சொல்லிவிடுகிறேன்: நன்றி ஐயா.

1989-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையில் 29-வது பிரிவு, கல்வி எதற்காக என்று சொல்கிறது. குழந்தையின் சொந்த மொழியையும் பண்பாட்டையும், அது வாழும் நாட்டின் மதிப்பீடுகளையும், அது எந்த நாட்டிலிருந்து வந்ததோ அதன் மதிப்பீடுகளையும் மதிக்கக் கற்றுக்கொடுப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. என் பிள்ளைகளுக்கு, வந்த நாடு எது, சொந்த நாடு எது என்று ஒரே சொல்லில் முடிக்க முடியாது. இரண்டையும் வைத்துக்கொள்ள இடம் வேண்டும், அவ்வளவுதான்.

பெற்றோரான எங்கள் பங்கையும் நான் மறைக்கவில்லை. வந்த புதிதில் வேலை தேடுவது, சாமான் வந்து சேரவில்லை என்று அலைவது, அப்பாவின் உடல்நிலை, எல்லாம் சேர்ந்து எங்கள் முகத்தில் சிரிப்பே இல்லாத நாட்கள் உண்டு. பிள்ளைகள் அதைத் தங்கள் தப்பாக நினைத்துக்கொள்கிறார்கள். சின்னவன் ஒரு நாள், "நான் நல்லா இருந்தா நாம திரும்பப் போகலாமா?" என்று கேட்டான். வகுப்பில் அவன் அளவுக்கு மீறி அடக்கமாக உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து அதைப் பழகிவிட்டான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் சேர்க்கைப் படிவத்தில் "முன்பு படித்த பள்ளி" என்று ஒரு கட்டம் இருக்கிறது. பள்ளியின் பெயரை எழுதினாலே நிரம்பிவிடும் அளவுக்குச் சின்னக் கட்டம். அடுத்த முறை அச்சுக்குக் கொடுக்கும்போது அதன் கீழே நாலு கோடு இடம் விடுங்கள். அங்கே யாரோடு விளையாடினாய், எந்தப் பாட்டு தெரியும், வகுப்பில் உன் இடம் எது என்று கேளுங்கள். அதைப் பெற்றோர் நிரப்ப வேண்டாம். பிள்ளை சொல்லட்டும், இல்லை வரையட்டும். பிறகு அந்தத் தாளைக் கோப்பில் போட்டுப் பூட்டாமல் வகுப்பாசிரியர் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வகுப்பில் இரண்டு பிள்ளைகளை விட்டிருக்கும் ஒரு தகப்பன்