மூணாவது தடவை கேஸ் அடிக்க விடாதே

தம்பி,

அப்பா எழுதுவது. நம்ம தெரு வாத்தியார் மகன் லீவு முடிஞ்சு செவ்வாய்க்கிழமை சவுதி தம்மாம் கிளம்புறான். அவன் கையில் இந்தக் கடுதாசியும் ஒரு சின்னப் பொட்டலமும் கொடுத்து விடுறேன். இங்க எல்லாரும் சுகம். குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பிச்சாச்சு. தென்காசிக் கணக்கு முடிஞ்சுது, அதைப் பத்தி இனி நீ நினைக்க வேண்டாம்.

வண்டி ஏசி விஷயத்துக்கு வர்றேன். நீ போன்ல சொன்னதை அம்மா காலண்டர் தாளுக்குப் பின்னாடி எழுதி வெச்சிருக்கா. "காலையில் குளிருது. பதினொரு மணிக்கு மேல் இல்லை. ரோட்டில் ஓடினால் பரவாயில்லை, சிக்னலில் நின்றால் அனல். ரெண்டு தடவை கேஸ் அடித்தார்கள்." என்கிட்ட தொழில் கத்துக்கிட்ட பசங்களே இவ்வளவு சுத்தமா கம்ப்ளைன்ட் எழுதினதில்லை.

முதல்ல ஒண்ணு. மூணாவது தடவை கேஸ் அடிக்க விடாதே. கேஸ் குறைஞ்ச வண்டி காலையிலும் அரைகுறையாத்தான் குளிரும். உன் வண்டி காலையில் நல்லா குளிருதுன்னா, அதுக்குக் கேஸ் பத்தாம இல்லை. ரெண்டு தடவை மேல மேல அடிச்சதில் கூடிப்போயிருக்கத்தான் வாய்ப்பு. என்ஜினை ஆஃப் பண்ணிட்டு பிரஷர் கேஜைக் காட்டி "பாரு, கேஸ் சரியா இருக்கு"ன்னு ஒருத்தன் சொன்னா நம்பாதே. நிக்கிற வண்டியில் 30 டிகிரிக்கு 134ஏங்கிற ஏசி கேஸ் சுமார் 97 பிஎஸ்ஐ பிரஷர் காட்டும். உள்ளே பாதி இருந்தாலும் அதே 97, கூடிப்போயிருந்தாலும் அதே 97. எடை போட்டாத்தான் தெரியும். பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கும். எந்தக் கேஸ், எத்தனை கிராம்னு அதில் போட்டிருக்கும். உள்ளே இருக்கிறதை மெஷின்ல இழுத்து எடுத்துட்டு, அரை மணி நேரம் வேக்கம் போட்டு உள்ளே இருக்கிற காத்தை உறிஞ்சி, முள் அசையாம நிக்குதான்னு கால் மணி நேரம் பார்த்துட்டு, அந்தக் கிராம் அளவுக்கு மட்டும் அடிக்கச் சொல்லு. மலிவு விலை சிலிண்டர்னா வேண்டவே வேண்டாம்னு சொல்லிடு. 2011ல வியட்நாம்ல கலப்படக் கேஸ் ஏத்தின கப்பல் கன்டெய்னர்கள் வெடிச்சு ஆளே செத்திருக்காங்க. அதில் கலந்திருந்த மெத்தில் குளோரைடு அலுமினியத்தோட சேர்ந்து, காத்துப் பட்டா தீப்பிடிக்கிற பொருளா மாறிடும்.

ஆனா அதுக்கு முன்னாடி, காசு செலவில்லாம நீயே பார்க்க வேண்டியது இருக்கு. ஓடினா குளிருது, நின்னா இல்லைன்னா கண்டென்சருக்கு, அதான் ரேடியேட்டருக்கு முன்னாடி கேஸோட சூட்டை வெளியே விடுற ஜாலிக்கு, காத்து வரலைன்னு அர்த்தம். ஓடும்போது எதிர்க்காத்து அந்த வேலையைச் செஞ்சிடும். நிக்கும்போது ஃபேன்தான் இழுக்கணும். வண்டியை நிறுத்தி ஏசியைப் போட்டு, கிரில்லுக்கு முன்னாடி ஒரு தாளை வெச்சுப் பாரு. ஒட்டிக்கிட்டு நிக்கணும். விழுந்தா ஃபேன் சரியில்லை. உன்னோடது பெட்ரோல் ஹைலக்ஸ், என்ஜினோட சுத்துற ஃபேன், நடுவில் எண்ணெய் போட்ட கிளட்ச். சூடா இருக்கும்போதே என்ஜினை ஆஃப் பண்ணி, சாவியைக் கையில் எடுத்துட்டு, ஃபேனைக் கையால் சுத்து. இறுக்கமா வரணும். ரெண்டு மூணு சுத்து தானா ஓடுச்சுன்னா உள்ளே எண்ணெய் போயாச்சு, கிளட்சை மாத்தணும். கண்டென்சருக்கு முன்னாடி தனியா எலக்ட்ரிக் ஃபேன் இருந்தா அதுவும் ஓடுதான்னு பாரு.

அடுத்து மணல். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி இருக்கும், அங்கதான் அடைஞ்சு கிடக்கும். முன்னாடியிருந்து பார்த்தா சுத்தமாத் தெரியும், ஏமாந்துடாதே. என்ஜின் ஆறின பிறகு சாதாரண ஹோஸ் தண்ணியை உள்பக்கமிருந்து வெளிப்பக்கமா விடு. வாட்டர் சர்வீஸ் கன் வேண்டாம், தகடெல்லாம் படுத்துடும். கழுவும்போது எங்கேயாவது எண்ணெய்ப் பிசுக்கோட மண்ணு அப்பியிருந்தா தேய்ச்சு எடுக்காம போட்டோ எடுத்துக்க. கேஸ் கசியுற இடத்தில், கேஸை அழுத்துற கம்ப்ரசரோட எண்ணெயும் சேர்ந்து வரும், அதில்தான் மண்ணு ஒட்டும். லீக் அடைக்கிற திரவம்னு ஒரு டப்பா காட்டுவாங்க, அதை ஊத்த விடாதே. கேஸை அளந்து விடுற எக்ஸ்பான்ஷன் வால்வு போயிடும்.

தண்ணி குடிக்கிறியா? தாகம் எடுத்த பிறகு குடிச்சா லேட். பாட்டில் சீட்டு மேலேயே இருக்கட்டும்.

பதினொரு மணிக்கு மேல் சுத்தமா நின்னுடுதுங்கிறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அது கம்ப்ரசரை பெல்ட்டோட சேர்த்துப் பிடிக்கிற மேக்னெட் கிளட்ச். நின்னுபோன நேரத்தில் பானெட்டைத் திறந்து கம்ப்ரசர் முகத்தைப் பாரு. கை வைக்காதே, பெல்ட் ஓடிக்கிட்டிருக்கும். வெளியே இருக்கிற பெல்ட் சக்கரம் எப்பவும் சுத்தும். நடுவில் இருக்கிற தட்டும் சேர்ந்து சுத்தினா கம்ப்ரசர் ஓடுது. தட்டு நின்னா ஓடலை. நின்னிருந்தா கிளட்ச் வயரில் டெஸ்ட் லாம்ப் வை. லைட் எரியலைன்னா கரண்டே வரலை. அப்ப கண்டென்சர் மேல ரெண்டு லிட்டர் தண்ணி ஊத்து. கொஞ்ச நேரத்தில் கிளட்ச் "டக்"னு பிடிச்சா, ஹை சைடு, அதான் கண்டென்சர் பக்கத்து பிரஷர் ஏறித்தான் சுவிட்ச் வெட்டியிருக்கு. அது சுமார் 455 பிஎஸ்ஐக்கு வெட்டும். அந்த ஊர் வெயிலுக்கு 250, 300 காட்டினா சரி, 350 தாண்டினா தப்பு. ஒண்ணு ஃபேன், இல்லை மணல், இல்லை கூடுதல் கேஸ். தண்ணி ஊத்தியும் பிடிக்கலைன்னா ரிலேவைக் கழட்டி, அதே நம்பர் உள்ள வேற ரிலேயை மாத்திப் பாரு. லைட் எரிஞ்சும் தட்டு நிக்குதுன்னா அது

இதை எழுதிக்கிட்டிருக்கும்போதே மனசுக்குள்ள அதுதான் ஓடுது. அன்னைக்கு நீ ஏசி இல்லைன்னு சொன்னப்ப நான் என்ன சொன்னேன்? "எங்க காலத்தில் ஏசியா இருந்துச்சு, கண்ணாடியை இறக்கிட்டு ஓட்டு"ன்னேன். முப்பது வருஷம் வண்டி ஏசியே தொழிலா வெச்சிருக்கிறவன் சொல்ற பேச்சா அது? தோலோட சூடு 35 டிகிரி சுமார் இருக்கும். வெளியே 46ன்னா, கண்ணாடி இறக்கினா வர்றது காத்து இல்லை, அடுப்பு. வேர்வை தெரியறதுக்குள்ள காஞ்சு, உடம்பில் இருக்கிற தண்ணி அத்தனையும் போயிடும். இது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். பையன் செல்லம் கொஞ்சுறான்னு ஒரு கோபம். அதுக்கப்புறம் நீ என்கிட்ட பேசலை, அம்மாகிட்ட மட்டும்தான் பேசுறே. பேசாதது சரிதான். கையில் ஊசி குத்தின இடம் ஆறிடுச்சா? அம்மாவுக்குத் தெரியாது, நான் சொல்லலை.

ஜூன் 15லேர்ந்து செப்டம்பர் 15 வரை பகல் 12 முதல் 3 வரை வெயில்ல வெளிவேலை வாங்கக்கூடாதுன்னு அங்க சட்டம் இருக்கு. கேபினுக்குள்ள உக்காந்திருக்கிறவனை யாரும் வெயில்ல நிக்கிறவனா எண்ண மாட்டாங்க. கூலிங் இல்லாத கேபின் வெயிலைவிட மோசம். தலை சுத்தினா, வேர்வை நின்னா, வண்டியை ஓரங்கட்டி நிழல்ல உக்காரு. மேனேஜர் கத்தினா கத்தட்டும்.

விட்ட இடத்துக்கு வர்றேன். லைட் எரிஞ்சும் தட்டு பிடிக்கலைன்னா கேப் கூடியிருக்கு. தட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் பொதுவா 0.35லேர்ந்து 0.65 மில்லிமீட்டர் இருக்கணும். தேஞ்சு தேஞ்சு அது கூடும். காலையில் காயில் குளிர்ந்திருக்கும், மேக்னெட் பலமா இழுக்கும். மதியம் காயில் சூடாகி கரண்டு குறைஞ்சு, எட்டாம விட்டுடும். சாயங்காலம் ஆறினதும் பிடிக்கும். ஆளைப் பைத்தியமாக்குற கம்ப்ளைன்ட் இது. கேஸ்தான்னு நினைச்சு அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. என்ஜினை ஆஃப் பண்ணி, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகட்டை மூணு இடத்தில் விட்டுப் பாரு. கூட இருந்தா நடு போல்ட்டைக் கழட்டு, தட்டு வெளியே வரும். உள்ளே மோதிரம் மாதிரி மெல்லிய ஷிம் இருக்கும், ஒண்ணை எடுத்துட்டுத் திரும்ப மாட்டு. ஏசி ஆஃப்ல இருக்கும்போது தட்டு உரசக்கூடாது. உரசினா எடுத்ததைவிட மெல்லிசா ஒண்ணு போடு. சின்ன வயசுல நீ கார்புரேட்டர் ஜெட்டைக் கழட்டி மாட்டின கைதானே, வரும்.

இதெல்லாம் சரியா இருந்தும் குளிர் பத்தலைன்னா, ஹீட்டருக்குப் போற ரப்பர் ஹோஸை ஒரு கிளாம்ப் போட்டு நெரிச்சுப் பாரு. குளிர் கூடினா ஹீட்டர் பக்கம் சுடுதண்ணி கசிஞ்சு போகுது. கிளவ் பாக்ஸுக்குப் பின்னாடி ஃபில்டர் இருந்தா அதையும் தட்டு.

பொட்டலத்தில் இருக்கிறது: ஃபீலர் கேஜ், டெஸ்ட் லாம்ப், 0.1, 0.3, 0.5 ஷிம் ஒவ்வொண்ணு ரெண்டு, பச்சை ஓ-ரிங் பத்து, வால்வு ஊசி நாலு. ஓ-ரிங்கை மாட்டுறதுக்கு முன்னாடி கம்ப்ரசர் எண்ணெயைத் தொட்டுப் போடணும், காஞ்சதா மாட்டினா பிஞ்சிடும். அம்மா வெச்ச நார்த்தங்காய் ஊறுகாய் தனியா இருக்கு, தண்ணியும் மோருமா அதைத் தொட்டுக்கோ.

பேசணும்னு இல்லை. கேப் எவ்வளவு இருந்துச்சுன்னு மட்டும் வாட்ஸ்அப்ல போடு, ஒரு நம்பர் போதும். 0.65க்கு மேல இருந்து கழட்டத் தடுமாறினா எந்நேரமும் கூப்பிடு. உனக்கும் எனக்கும் ரெண்டரை மணி நேரம்தான் வித்தியாசம், நான் முழிச்சுத்தான் இருப்பேன்.

அப்பா