தாத்தா பேயை நடமாட விட்டவர்களுக்கு நன்றி

எங்கள் பேய் வீட்டு நாடகம் நல்லபடியாக மேடையேறி முடிந்தது. கைதட்டலுக்கு வணங்கி நின்றவர்களைத்தான் எல்லாரும் பார்த்தீர்கள். கண்ணில் படாதவர்களுக்கும் சேர்த்து இந்த மடல்.

முதல் நன்றி, பெரியம்மாவாக நடித்தவருக்கு. ஆரம்பத்தில் தாத்தா பேய் முழியை உருட்டி, நாக்கை நீட்டி என்னென்னவோ செய்து பார்த்தது. ஒத்திகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. "பேய்க்கு எதுக்குங்க காமெடி? ஆளில்லாத ரூம்ல லைட் எரிஞ்சா அந்த மனுஷனுக்குத் தாங்காது. அதை மட்டும் செய்யச் சொல்லுங்க" என்றார் அவர். அவ்வளவுதான். தாத்தா கடுகடுவென்று அறை அறையாகப் போய் விளக்கை அணைக்க, ஆவியின் அட்டகாசம் என்று வீடே அலற, அரங்கம் குலுங்கியது. "அப்பா, நான் படிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று பெரியம்மா அதட்டி, மறுபடி சுவிட்சைப் போடும் இடமும் அவர் சேர்த்ததே.

தாத்தாவை ஆவியாகவே காட்டிய ஒளியமைப்பாளருக்கு அடுத்த நன்றி. 1862-இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் காட்டிய பழைய வித்தைதான். மேடையில் சாய்வாக, மறுபக்கம் தெரிகிற ஒரு கண்ணாடி. ஓரத்தில் மறைவாக நடிகர். அவர்மேல் வெளிச்சம் ஏற ஏற, கண்ணாடியில் விழும் பிம்பம் மேடையிலேயே நிற்பதுபோலத் தெரியும். வெளிச்சத்தைக் குறைத்தால் ஆள் கரைந்துபோவார். வித்தை சுலபம், அதற்குள் நடிப்பதுதான் பெரும்பாடு. பிம்பத்தில் இடமும் வலமும் மாறிவிடும். அதனால் தாத்தாவின் சட்டைப் பையை வலப்பக்கம் வைத்துத் தைக்க வேண்டியிருந்தது. முகம் சுளிக்காமல் தைத்துக் கொடுத்த தையல்காரருக்குத் தனி நன்றி. (பை எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்கிறவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.)

மறைவில் நிற்கும் தாத்தாவுக்கு மேடையில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதே தெரியாது. பக்கத்தில் நின்று சைகை காட்டிய தம்பி இல்லையென்றால், அவர் மருமகனை விட்டுவிட்டுச் சுவரைத் திட்டியிருப்பார்.

பழைய வீட்டு மரச்சட்டங்கள் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது முனகும், கேட்டிருப்பீர்கள். ஒலியமைப்பாளர் ராத்திரி கண்விழித்து அந்த நிஜ முனகலையே பதிவு செய்து வந்தார். அதைக் கேட்டுத்தான் மருமகன் ஒவ்வொரு முறையும் தொப்பென்று விழுந்தார். அவர் முதுகுக்கும் நன்றி.

அப்புறம், தாத்தாவின் சாய்வு நாற்காலியை இரவல் கொடுத்தவருக்கு: நாற்காலி பத்திரமாக இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம், தாத்தாவிடம் சொல்லியாயிற்று.