தாட்சர் உரைக்குப் பின்னால் இருந்தவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரின் பருவநிலை உரை பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். 1988 செப்டம்பர் 27 அன்று லண்டனில், பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் விருந்தில் பருவநிலை மாற்றம் பற்றி அவர் பேசியதை விரிவாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தப் பேச்சுக்குத் தூண்டுகோலாக இருந்த சர் கிரிஸ்பின் டிக்கெலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற என்னால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

டிக்கெல் விஞ்ஞானி அல்லர். ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படித்து, 1954இல் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் சேர்ந்தவர். தி ஹேக், மெக்சிகோ, பாரிஸ் என்று ஊர் ஊராக மாற்றலாகிப் போனவர். இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தில் பிரிட்டன் சேரும் பேச்சுவார்த்தை நடந்தபோது அதற்குப் பொறுப்பான அமைச்சரின் தனிச் செயலாளர். திறமையான அதிகாரி ஒருவர் ஏறும் படிகள்தான் இவை.

1975இல்தான் திருப்பம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு தங்கிப் படிக்க அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. அமெரிக்காவுக்கும் சோவியத் யூனியனுக்கும் இடையிலான பனிப்போர்க் காலம். ஆயுதக் குறைப்பைப் பற்றி ஆராய்ந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அவரோ பருவநிலையைக் கையில் எடுத்தார். பருவநிலை மாறினால் நாடுகளுக்கிடையிலான உறவு என்னவாகும் என்று 1977இல் ஒரு நூலும் வெளியிட்டார். சுற்றுச்சூழலுக்கென்று தனி அமைச்சகமே பல நாடுகளில் இல்லாத நேரம் அது!

பிறகு ஐரோப்பிய ஆணையத் தலைவர் ராய் ஜென்கின்ஸின் அலுவலகத் தலைவர், மெக்சிகோவுக்குத் தூதர், வெளிநாட்டு உதவித் துறையின் செயலாளர் என்று உயர்ந்து, 1987இல் ஐ.நா.வில் பிரிட்டனின் நிரந்தரப் பிரதிநிதியானார். இத்தனை பொறுப்புகளுக்கு நடுவிலும் பருவநிலையை அவர் விடவில்லை. பிரதமரிடமே எடுத்துச் சொன்னார். வேதியியல் பட்டதாரியான தாட்சருக்கு அது சட்டென்று பிடிபட்டது.

அந்த விருந்தில் நடந்ததைத் தாட்சரே பதிவு செய்திருக்கிறார். தொலைக்காட்சிக்காரர்கள் வருவார்கள், அவர்களுடைய விளக்கு வெளிச்சத்தில் உரையைப் படித்துவிடலாம் என்று நினைத்திருந்தாராம். ஒரு கேமராவும் வரவில்லை. மேசையிலிருந்த மெழுகுவர்த்தித் தண்டுகளைக் கைமாற்றிக் கைமாற்றி அவரருகே கொண்டுவந்து வைத்தார்களாம். செய்தி நிறுவனங்கள் அன்று அந்தப் பொருளுக்குக் கொடுத்த மதிப்பு அவ்வளவுதான்.

மறு ஆண்டு நவம்பர் 8 அன்று ஐ.நா. பொதுச்சபையில், பருவநிலைக்கு ஓர் உலக உடன்படிக்கை வேண்டும் என்று தாட்சர் பேசியபோது, அங்கே பிரிட்டனின் தூதர் டிக்கெல்தான். 1992இல் ரியோ மாநாட்டில் அந்த உடன்படிக்கை கையெழுத்துக்கு வந்தது. பின்னாளில் தாட்சர் பருவநிலை எச்சரிக்கைகளையே சந்தேகித்து எழுதினார். டிக்கெல் 2022இல் மறையும்வரை தம் கருத்திலிருந்து பின்வாங்கவில்லை. தங்கள் கட்டுரை இதையும் தொடவில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

நடுவயதில் இருந்த ஓர் அதிகாரியை ஓராண்டு கோப்புகளிலிருந்து விடுவித்துப் படிக்க அனுப்பினார்கள். அதனால் இவ்வளவும் நடந்தது. அந்த ஓராண்டைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பலர் தங்கள் வாசகர்கள். அவர்களுக்காகவே கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை